புது மூக்கு

எங்கள் வேலையில் மூக்கு சீக்கிரம் செத்துப்போகும். ஊரின் சாக்கடை முழுக்க வந்து சேருகிற சுத்திகரிப்பு நிலையம் எங்களுடையது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சோறு இறங்காது. தலைமுடிகூட நாறுவதுபோல் இருக்கும். வேலையை விட்டுவிடலாமா என்று அழுகை வரும். அப்புறம் ஒரு நாள் காலையில் ஒன்றுமே தெரியாது. அப்பாடா, பழகிவிட்டது என்று சந்தோஷப்படுவோம். அங்கேதான் ஆபத்து. தொட்டி கெட்டுப்போனாலும் நமக்குத் தெரியாது.

அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். லீவு முடிந்து வருகிறவரை 'புது மூக்கு' என்போம். கையெழுத்து, டீ எல்லாம் அப்புறம்தான். கேட்டுக்காரர் முதலில் கேட்பது, "மூக்கு நல்லா இருக்கா?" என்றுதான். புது மூக்கு நிலையத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி கேட்டுக்கு வந்து, எந்த இடத்தில் என்ன வாசம் என்று சொல்ல வேண்டும். கேட்டுக்காரர் அதை உள்போனில் எல்லாப் பிரிவுக்கும் சொல்லிவிடுவார். வாசத்தை அளக்கும் கருவி ஒன்றும் எங்களிடம் உண்டு. வாங்கிய வருஷமே ரிப்பேராகிவிட்டதால் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பத்திரமாகப் பூட்டியிருக்கிறார்கள்.

இது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. ஆனால் கேட்டில் வந்து புது மூக்கு பொய் சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. பேச்சுவார்த்தை இல்லாதவன் பார்க்கிற தொட்டியாக இருந்தாலும், நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வோம். உயிர்ச் சிநேகிதியின் தொட்டி நாறினால் நாறுகிறது என்போம். அவள் இரண்டு நாள் முறைத்துவிட்டு ஒத்துக்கொள்வாள்.

எனக்கு ப்ளோயர் ரூமில் வேலை. ப்ளோயர் என்பது ஆள் உயரத்துக்கு இருக்கும் காற்று ஊதுகிற இயந்திரம். அந்தக் காற்று குழாய் வழியாகப் பெரிய தொட்டியின் அடிக்குப் போய்க் குமிழியாகக் கிளம்பும். தொட்டியில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பது அவைதான். நாங்கள் அவற்றைக் குடித்தனக்காரர்கள் என்போம். வாடகை கேட்க முடியாது, காலி செய்யச் சொல்லவும் முடியாது, காற்று மட்டும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொடுத்தால் தொட்டியில் மழை பெய்த மண்ணின் வாசம் வரும். நம்ப மாட்டீர்கள். சாக்கடையிலிருந்து அந்த வாசம் வரும்போதெல்லாம் எனக்குக் கர்வமாக இருக்கும். காற்றை நிறுத்தினால் மொத்தக் குடித்தனமும் மூச்சு முட்டிச் செத்துவிடும். அப்புறம் அழுகின முட்டை நாற்றம்தான்.

பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் செய்துகொண்டு, நீண்ட லீவில் கிடந்துவிட்டு, அன்று காலை வேலைக்குக் கிளம்பினேன். தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், "போ, போ. ஊரே உன் மூக்குக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கு" என்று கிண்டலடித்தார். அவருக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. ஊசியில் நூல் கோக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுகிறார். என் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. இருவருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

கேட்டில் என்னைப் பார்த்ததும் கேட்டுக்காரர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

"என்னண்ணே, மூக்கு நல்லா இருக்கான்னு கேக்க மாட்டீங்களா?"

"நீ நேரா சங்க ரூமுக்குப் போயிடும்மா. செயலாளர் வரச் சொன்னாரு."

"செயலாளரா? அவன் என் தம்பிண்ணே. இருங்க, ஒரு சுத்து சுத்திட்டு வந்து சொல்றேன்."

"வேணாம்மா. இன்னிக்கு இங்க எதுவும் சொல்லக் கூடாதுன்னு உத்தரவு" என்றார். செருப்பு வார் அதற்குள் சரியாகியிருக்க வேண்டும். ஆனால் அவர் நிமிரவில்லை.

நாலடி வைப்பதற்குள் நாற்றம் மூஞ்சியில் அறைந்தது. முட்டை நாற்றம். பெரிய தொட்டிப் பக்கம் ஓடினேன். ஒரு குமிழி இல்லை. தண்ணீர் தார் நிறத்தில், அசையாமல், மேலே ஆடை கட்டிக் கிடந்தது. வயிற்றில் தையல் போட்ட இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு நின்றேன். வளர்த்த மாடு செத்துக் கிடப்பதைப் பார்த்தவள்போல எனக்கு அழுகையும் குமட்டலும் சேர்ந்து வந்தன.

ப்ளோயர் ரூமில் 'பழுது' என்று ஒரு அட்டை தொங்கியது. லீவில் போவதற்கு முன்னால் நானே பேரிங் மாற்றி, கிரீஸ் வைத்து, துடைத்துவிட்டுப் போன இயந்திரம். துடைத்தது துடைத்தபடியே பளபளவென்று இருந்தது. என் இடத்தில் இருந்தவனை நாங்கள் கொட்டாவி என்று கூப்பிடுவோம். காரணம் அவன் வாயைத் திறந்தாலே தெரியும்.

"என்னடா பழுது இதுல?"

"ஒண்ணும் பழுதில்லைக்கா. ஜன்னல் சார் நிறுத்தச் சொன்னாரு. வாயால சொன்னதோட சரி."

ஜன்னல் சார் என்பவர் எங்கள் தலைமைப் பொறியாளர். ஏசி அறை ஜன்னல் வழியாக மட்டுமே நிலையத்தைப் பார்த்திருப்பவர்.

"இன்னிக்கு மதிப்பீட்டுக் குழு வருதாம்" என்றான் கொட்டாவி. "நிலையத்தைக் குத்தகைக்கு விடப் போறாங்க. நல்லா ஓடறதை எதுக்குத் தனியாருக்குக் குடுக்கறேன்னு நாளைக்கு ஊரு கேக்குமில்ல? அதான் ஓடாத நிலையம்னு எழுதி வாங்கறாங்க."

"அப்ப இத்தனை நாளா ஊர்ச் சாக்கடையெல்லாம்?"

அவன் மோவாயால் ஆற்றுப் பக்கம் காட்டினான். எங்கள் வாய்க்கால் போய்ச் சேருகிற இடத்துக்குச் சற்றுக் கீழேதான் பிள்ளைகள் கரையிலிருந்து குதித்துக் குளிப்பார்கள். எனக்கு வாயில் எச்சில் ஊறியது. துப்புவதற்கு இடம் தேடினேன்.

சங்க அறையில் ஏசி போட்டிருந்தார்கள். அது எப்போது வந்தது என்று தெரியவில்லை. அம்மா போன பிறகு தம்பிக்குத் தலை வாரிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் நான். இந்த வேலைக்கு மனுப் போட வைத்ததும் நான்தான். போன வருஷம் வரை இதே தம்பி கேட்டு முன்னால் நின்று, நிலையத்தை விற்காதே, மக்கள் சொத்தில் கை வைக்காதே என்று தொண்டை கிழியக் கத்தினான். தொண்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் வெந்நீர் வைத்துக் கொடுப்பேன். இப்போது அவன்மேல் சென்ட் வாசனை அடித்தது. முட்டை நாற்றத்தின்மேல் அந்தப் பூவாசனை ஏறி வந்தபோது, வெறும் நாற்றமே தேவலாம் என்று இருந்தது.

"உக்காருக்கா. உடம்பு எப்படி இருக்கு?"

"ப்ளோயரை ஏன்டா நிறுத்தினீங்க?"

"அதெல்லாம் பேசி முடிச்சாச்சு. யாரையும் வேலையை விட்டு எடுக்க மாட்டாங்க. ஒப்பந்தம் மட்டும் புதுசாப் போடுவாங்க."

"உனக்கு?"

அவன் மேஜைமேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தான். "ஆலோசகர்னு ஒரு பேரு குடுக்கறாங்க. அதை விடு. இப்ப குழு வரும். உன்னைத்தான் முன்னால நிறுத்தப் போறோம். வழக்கம்போல ஒரு சுத்து சுத்து, மூக்குல பட்டதைச் சொல்லு. இருபது வருஷமா இங்க வேலை பாக்கற ஆளே நாறுதுன்னு சொன்னா அதுக்கு மேல சாட்சி எதுக்கு?"

நான் கதவுப் பக்கம் திரும்பினேன்.

"நீ பொய் சொல்லவே வேணாம்கா. உள்ளதைச் சொன்னா போதும்."

எத்தனையோ அசிங்கத்தைக் கையால் அள்ளிப் போட்டிருக்கிறேன். கம்பி வலையில் சிக்கி வருவதையெல்லாம் சொன்னால் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள். அன்றைக்குப் பட்ட அருவருப்பு வேறு எதிலும் பட்டதில்லை. கேட்டுக்காரர் ஏன் கேட்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. என் மூக்கைக் குழுவுக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

குழு வந்தது. தலைவர் வயதானவர், மூக்கில் கைக்குட்டை. கூட இரண்டு பேர், மூக்கில் முகமூடி. குத்தகை எடுக்கப்போகிற கம்பெனியின் ஆள் ஒருவர் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வந்திருந்தார். சாக்கடை நிலையத்துக்கு வெள்ளை ஷூ. ஜன்னல் சார் அன்றைக்குத்தான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வந்தார். எந்த வழியாகப் போக வேண்டும் என்று கொட்டாவியைக் கேட்டுக் கேட்டு நடந்தார். "நம்ம ஆளுங்க மூக்காலதான் நிலையத்தை ஓட்டறாங்க சார்" என்று என்னைக் காட்டிப் பல்லிளித்தார். முகமூடிக்காரர்கள் சிரித்தார்கள். என் தம்பியும் சிரித்தான்.

சாக்கடை வந்து விழுகிற இடத்தில் தலைவர் என்னைக் கேட்டார். "இங்க எப்படிம்மா இருக்கு?"

"நாறுதுங்க. இங்க நாறத்தான் செய்யும். உங்க வீட்டுதும் இதுல இருக்கு."

அவர் அதை எழுதவில்லை. பெரிய தொட்டிக்கு வந்தோம். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நாக்கு வரவில்லை. இருபது வருஷப் பழக்கம்.

"செத்துப்போச்சுங்க" என்றேன். "அழுகிப்போச்சு."

தலைவர் எழுதினார். தம்பி மூச்சை விட்டான். ஜன்னல் சார், "பாத்தீங்களா, நாங்களா சொல்லலை" என்றார்.

"ஆனா தானா சாகலைங்க. காத்தை நிறுத்திக் கொன்னுட்டாங்க. ப்ளோயர்ல ஒரு பழுதும் இல்லை. வாங்க, ஓட்டிக் காட்டறேன்."

"அக்கா!" என்றான் தம்பி. நான் நடந்துவிட்டேன். ப்ளோயர் ரூம் வாசலில் கொட்டாவி நின்றான். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கினான். அந்த ஒரு விஷயத்துக்காக அவனை நான் திட்டுவதில்லை. அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு வால்வைத் திறந்து பட்டனை அழுத்தினேன். ப்ளோயர் ஒரு செருமல் செருமிவிட்டுக் கிளம்பியது. தரை அதிர்ந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதற்கு மேல் எவன் என்ன எழுத முடியும் என்று நினைத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தேன்.

அழுகிக் கிடந்த தொட்டியில் காற்றை விட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாதது அல்ல. அடியில் தேங்கின நாற்றம் மொத்தமும் ஒரே மூச்சில் மேலே கிளம்பும். பழுது பார்த்து ஓட்டும்போதெல்லாம் அப்படித்தான். ஆனால் செத்த மூக்குகளோடு நின்று பார்த்தே பழகியவர்களுக்கு அது ஒரு விஷயமாகவே பட்டதில்லை. என்னைப்போல் இங்கேயே கிடந்து ஊறினவள் செய்கிற தப்பு அது.

தொட்டி கொதித்தது. கறுப்பு நுரை கரையைத் தாண்டி வழிந்தது. முகமூடிக்காரர்களில் ஒருவர் முகமூடியைக் கழற்ற நேரமில்லாமல் அதற்குள்ளேயே வாந்தி எடுத்தார். வெள்ளை ஷூவின் வெள்ளை ஷூ கறுப்பு ஷூவாயிற்று. ஜன்னல் சார் ஓடிய வேகத்தில், இத்தனை நாள் தெரியாத வழியெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

"ஓடுதுங்க! சத்தம் கேக்குதில்ல? நல்லா ஓடுதுங்க!" என்று பின்னாலேயே கத்திக்கொண்டு போனேன்.

தலைவர் கைக்குட்டைக்குள்ளிருந்து சொன்னார். "ஓடறதுதாம்மா பிரச்சினை."

இயக்கினால் நாற்றம் பல மடங்கு ஆகிறது, இயந்திரங்கள் இயக்கத் தகுதியற்றவை, உடனே தனியார் வசம் ஒப்படைப்பது நல்லது. இப்படித்தான் எழுதினார்கள். குழுவின் உயிருக்கு ஆபத்து உண்டாக்கியதாக எனக்கு வேலை நீக்கம். அன்று சாயந்திரம் தம்பி வீட்டுக்கு வந்தான். திட்டுவான் என்று பார்த்தால், என் வீட்டுக்காரரின் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சிரித்தான்.

"நாங்க நினைச்சதை விட நீ பிரமாதமாச் செஞ்சிட்டக்கா. கொஞ்சம் ஆறட்டும். உன்னையும் உள்ள எடுக்க வைக்கறேன்."

அவன் குடித்த டம்ளரை நான் அன்றைக்கு மூன்று முறை தேய்த்தேன்.

குத்தகைக் கையெழுத்து ஆயிற்று. கம்பெனி வந்து முதலில் செய்த வேலை ப்ளோயருக்கு ஆரஞ்சுப் பெயின்ட் அடித்தது. இரண்டாவது வேலை, அதே ப்ளோயரின் பட்டனை அழுத்தியது. குடித்தனக்காரர்களை யாரும் வெளியூரிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை, சாக்கடையிலேயே வருவார்கள். காற்றைக் கொடுத்தால் கொஞ்ச நாளில் குடும்பம் பெருகிவிடும். செத்த நிலையத்துக்கு உயிர் கொடுத்தோம் என்று ஊர் முழுக்க விளம்பரத் தட்டி வைத்தார்கள்.

தம்பி மறுபடி வந்தான். திறப்பு விழா இருக்கிறது என்றான். செத்துப்போச்சு என்று சொன்ன அதே பெண் மேடையேறிப் பிழைத்துக்கொண்டது என்று சொல்ல வேண்டுமாம். கேமராக்காரர்கள் வருவார்களாம். "ஒரு வாக்கியம்கா. சொல்லிட்டா மறுநாளே வேலை. இப்பவும் பொய் சொல்ல வேணாம். நிஜமாவே நல்லா இருக்கு."

அவன் போன பிறகு வீட்டுக்காரர் மிஷினை நிறுத்தினார். என்னிடம் ஒரு துணிப் பந்து நிறைய ஊசியைக் கொடுத்தார்.

"எல்லாத்துலயும் நூலைக் கோத்து வச்சிட்டுப் போ. அங்க போய் என்ன சொல்லப் போறேன்னு நான் கேக்கலை."

"வேலை திரும்பக் கிடைக்கும்னா நல்லதுதானே?"

"நல்லதுதான். உன் மூஞ்சிதான் சரியில்லை."

விழாவன்று என்னை முதலில் தொட்டிப் பக்கம் கூட்டிப்போனார்கள். குமிழி பொங்கிக்கொண்டிருந்தது. நுரை பழுப்பாக, மெல்லிசாக இருந்தது. இத்தனை நாள் வீட்டில் கிடந்த மூக்குக்கு அது சட்டென்று தெரிந்தது. மழை பெய்த மண். அடப் பாவிகளா, உயிரோடு வந்துவிட்டீர்களா என்று தொட்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அதை யாரோ படம் எடுத்தார்கள். சிரிப்பு அப்படியே கசந்துபோனது.

மேடையில் மைக்கை என் வாய்க்குக் கொடுத்தார்கள். வெள்ளை ஷூ புது ஷூ போட்டிருந்தார். ஜன்னல் சார் முன்வரிசையில். தம்பி என் தோள்மேல் கை வைத்து, "சொல்லுக்கா, எப்படி இருக்கு?" என்றான். எங்கள் கேட்டில் கேட்கிற கேள்வி. அதை எடுத்து மைக்கில் கேட்டான். நான் உண்மையைச் சொன்னால் அது இவர்கள் செய்த கொலைக்குச் சாம்பிராணி போட்டதுபோல ஆகும். தையல் மிஷினும் மங்கின கண்ணும் ஞாபகத்துக்கு வந்தன. தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"எனக்குச் சளிங்க" என்றேன். "மூக்கு அடைச்சிருக்கு. ஒண்ணும் தெரியலை."

கூட்டம் சிரித்தது. தம்பி மைக்கைப் பிடுங்கி, அக்காவுக்குச் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று என்னவோ சொல்லிச் சமாளித்தான். கைதட்டினார்கள். இறங்கும்போது என் காதில், "புது மூக்கு பொய் சொல்லாதுன்னு பீத்திக்குவியே? வேலை போச்சு, தெரியுதா?" என்றான்.

"கேட்டுலதாண்டா சொல்லாது" என்றேன். அவன் கையைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே விட்டேன். பிசுபிசுவென்று இருந்தது. புடவையில் துடைத்துக்கொண்டேன்.

கேட்டுக்காரர் ஆரஞ்சுத் தொப்பி போட்டிருந்தார். நான் அவரைத் தாண்டிப் போகும்போது இரண்டு பக்கமும் பார்த்தார்.

"மூக்கு நல்லா இருக்காம்மா?"

நின்று மூச்சை ஆழமாக இழுத்தேன்.

"நல்லா இருக்குண்ணே. பெரிய தொட்டி அருமையா இருக்கு, மழை பேஞ்ச மண்ணு. அடுத்த தொட்டியில மட்டும் மூலையில லேசாப் புளிச்ச வாடை. சேறு தங்கியிருக்கு, அள்ளச் சொல்லுங்க."

அவர் உள்போனை எடுத்து, நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். அந்தப் பக்கம் கொட்டாவி சரி என்று சொல்வது எனக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"கரண்டுச் செலவு ஜாஸ்தின்னு ப்ளோயர் ஓடற நேரத்தைக் குறைக்கப் போறாங்களாம்மா. கெட்டுப்போனா யாரு சொல்லுவா? புது ஒப்பந்தத்துல யாருக்கும் லீவே கிடையாது. லீவு போட்டா வேலை போச்சு. இனிமே இங்க புது மூக்குன்னு யாரு இருக்கா?"

உள்ளே மறுபடி கைதட்டினார்கள். யாருக்கு என்று தெரியவில்லை. நான் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு இனிமே எப்பவும் லீவுதானேண்ணே" என்றேன். "வாரா வாரம் வர்றேன்."

"உள்ள விட மாட்டாங்களேம்மா."

"இங்கயே நிக்கறேன். காத்து வெளியில வருமில்ல?"

அவர் குனியவில்லை. என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினார். நான் நூல் கோக்க வீட்டுக்குப் போனேன்.